இரண்டு குதிரைக்கு லாயமும் வேலியும்: காசை எங்கே போடுவது, எங்கே பிடிப்பது?

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தைக்குப் போய்வந்த சூட்டில், "ரெண்டு குதிரை வாங்கலாம்னு இருக்கேன், லாயம் கட்ட எவ்வளவு ஆகும்ங்க?" என்று கேட்பவர்கள் கொங்குப் பக்கம் நிறையப் பேர் உண்டு. வேலிக்கு எவ்வளவு ஆகும் என்று அநேகமாக யாரும் கேட்பதில்லை. தோட்டத்தைச் சுற்றித்தான் கம்பி வேலி இருக்கிறதே என்ற நினைப்பு. பட்ஜெட் இடிப்பது அங்கேதான். குதிரைக்கு அடிபடுவதும் பெரும்பாலும் அங்கேதான்.

பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க ஒரு நிலத்தை மனதில் வைத்துக்கொள்வோம். உடுமலைக்கும் தாராபுரத்துக்கும் நடுவே மூன்று ஏக்கர். சுற்றிலும் கல்லுக்கால் நட்டு முள்கம்பி இழுத்திருக்கிறது. போர் தண்ணீர் உண்டு. வரப்போவது பதினான்கரை, பதினைந்து கை (ஒரு கை என்பது நாலு அங்குலம்) உயரத்தில் இரண்டு மார்வாரி இனக் குதிரைகள், பொலிக்குதிரை (காயடிக்காத ஆண் குதிரை) கிடையாது. கையிலிருக்கும் தொகை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் நல்லதாகச் செய்யப் போதாது. என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வேலியிலும் தரையிலும் கஞ்சத்தனம் வேண்டாம், சுவரில் தாராளமாகக் குறைக்கலாம். நம் ஊர் வெயிலில் குதிரைக்கு வேண்டியது நிழலும் காற்றும். குளிருக்கு அடைத்துக் கட்டும் லாயத்தின் படத்தைப் பார்த்துவிட்டு அதையே இங்கே கட்டினால், அதிகக் காசு கொடுத்துக் குதிரையை வேக வைப்பதுதான் மிச்சம்.

விலைப்பட்டியல் எதுவும் போடவில்லை. இரும்பு விலையும் கூலியும் மாதத்துக்கு ஒரு விதம், ஊருக்கு ஒரு விதம். அதனால் அளவுகளைத் தருகிறேன். உங்கள் ஊர் விலையால் நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

முதலில் வேலி

முள்கம்பி குதிரைக்கு ஆகாது. இதில் பேரமே கிடையாது. மாடு கம்பியில் சிக்கினால் பெரும்பாலும் நின்றுவிடும். ஆள் வந்து எடுத்துவிடும்வரை கத்திக்கொண்டிருக்கும். குதிரை பயந்தால் ஓடுகிற பிராணி. கால் சிக்கியதும் மொத்த உடம்பையும் போட்டுப் பின்னால் இழுக்கும். 350 கிலோ எடை அப்படி இழுக்கும்போது முள் தோலோடு நிற்காது. முழங்காலுக்குக் கீழே குதிரைக்குச் சதையே இல்லை; தோலைத் தாண்டினால் நரம்பு, அடுத்தது எலும்பு. அங்கே ஆழமாகக் கிழிந்தால் தையல் நிற்காது, ஆற மாதக்கணக்கில் ஆகும், பல சமயம் நொண்டல் நிரந்தரம். தீபாவளி இரவில் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு சரவெடி வெடித்தால் போதும்.

அதற்காக இருக்கிற வேலியைப் பிடுங்கிப் போட வேண்டியதில்லை. அது எல்லைக்கு இருக்கட்டும். அதிலிருந்து பத்துப் பன்னிரண்டு அடி உள்ளே தள்ளிக் குதிரைக்கென்று தனியாகப் பேடாக் (குதிரையை அவிழ்த்துவிடும் அடைப்பு) வேலி போடுங்கள். நடுவில் கிடைக்கும் சந்தில் டிராக்டர் போகலாம், தீவனப்புல் நடலாம். தெருநாய் எல்லை வேலியைத் தாண்டி வந்தாலும் குதிரையின் காலடிக்கு நேராக வராது.

அடுத்தது, எவ்வளவு இடத்தைச் சுற்றி அடைப்பது என்பது. பலரும் கோட்டைவிடும் கணக்கு இது. ஒரு ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. சதுரமாக எடுத்தால் ஒரு பக்கம் 209 அடி, சுற்றளவு சுமார் 835 அடி. அதே ஒரு ஏக்கரை 100 அடி அகலத்தில் நீளவாக்கில் எடுத்தால் சுற்றளவு 1,070 அடியைத் தாண்டும். இடம் அதேதான், வேலி மட்டும் கால் பங்குக்கு மேல் கூடுகிறது. சரி, அரை ஏக்கராகக் குறைத்தால் செலவு பாதியாகுமா? ஆகாது. அரை ஏக்கர் சதுரத்துக்கு 590 அடி வேண்டும். பாதி இடத்துக்கு எழுபது சதவீதச் செலவு. ஆகவே ஒரு ஏக்கர் சதுரம் என்று முடிவு செய்து, பின்னாளில் நடுவில் ஒரு குறுக்கு வேலி போட்டு இரண்டாகப் பிரிப்பது நல்லது. ஒரு பாதி மேயும்போது மறு பாதியில் புல் தேறும். அந்தக் குறுக்கு வேலி 209 அடி. அதை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவைக்கலாம்.

உயரம் நாலரை முதல் ஐந்து அடி. பொலிக்குதிரை இருந்தால் ஆறடி. மூலைகளைக் கூர்மையாக விடாமல் கொஞ்சம் வளைத்துவிடுவது நல்லது. ஒரு குதிரை இன்னொன்றை மூலையில் ஒதுக்கிக் கடிப்பதும் உதைப்பதும் அதனால் குறையும்.

இனி எதால் போடுவது? எல்லோரும் முதலில் கேட்பது ஜி.ஐ. பைப். பார்க்க அழகு, உழைப்பும் அதிகம். 835 அடிக்கு மூன்று வரிசைக் குறுக்குப் பைப் என்றால் சுமார் 2,500 அடி. இருபதடி நீளத்தில் 126 பைப். ஒன்றரை அங்குல மீடியம் கிளாஸ் (நடுத்தரக் கனம்) பைப் மீட்டருக்கு மூன்றரை கிலோவுக்குச் சற்று மேல் வரும் என்பதால் இது மட்டுமே இரண்டே முக்கால் டன். பத்தடிக்கு ஒரு கால் வீதம் 84 கால்கள், இரண்டு அங்குலப் பைப்பில் ஏழடி உயரம். இது இன்னொரு 900 கிலோ. ஆக மூன்றரை டன்னுக்கு மேல் இரும்பு. கிலோ எண்பது ரூபாய் என்று வைத்துப் பார்த்தாலும் பொருளுக்கே மூன்று லட்சத்தை நெருங்கும். வெல்டிங் கூலி, குழிக்குக் காங்கிரீட், பெயின்ட், கேட் எல்லாம் தனி. பைப்பில் பெரிய குறை, அது கொஞ்சமும் விட்டுக்கொடுக்காது. ஓடிவந்து மோதினால் பைப்புக்கு ஒன்றும் ஆகாது.

அடுத்தது கல்லுக்கால். இது கொங்கு நாட்டுக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எட்டடிக் கல்லை இரண்டரை மூன்றடி புதைத்தால் கரையான் பயம் இல்லை, துரு இல்லை, பேரன் காலம்வரை நிற்கும். குறுக்கே முள்கம்பிக்குப் பதில் தென்னஞ்சட்டம் போடலாம். முற்றின தென்னையின் வெளிப்பக்க மரம் கெட்டியானது, அறுவை மில்லில் கேட்டால் தேக்கு, வேம்பைவிட மலிவாகக் கிடைக்கும். எட்டடிக்கு ஒரு கல் வீதம் 105 கல் ஆகும். சட்டத்தைக் கல்லின் உட்பக்கம், அதாவது குதிரை நிற்கும் பக்கமாகப் பொருத்த வேண்டும். ஆசாரி பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று வெளிப்பக்கம் போடப் பார்ப்பார், விடாதீர்கள். உட்பக்கம் இருந்தால் குதிரை சாயும்போது சட்டம் கல்லோடு அழுந்தும். வெளிப்பக்கம் இருந்தால் ஆணியோடு பெயர்ந்துவரும். ஓடும்போது கல்லின் விளிம்பு தோளில் உரசிக் கிழிப்பதும் உட்பக்கச் சட்டத்தால் தவிரும். குறை என்னவென்றால், சும்மா நிற்கும் குதிரை மரத்தைக் கடித்துக்கொண்டே இருக்கும். வருஷாவருஷம் சில சட்டங்கள் மாற்ற வேண்டிவரும்.

சவுக்குக் கம்பு எல்லாவற்றிலும் மலிவு. மண்ணில் புதைத்த இடத்தில் கரையான் பிடித்து இரண்டு மூன்று வருஷத்தில் அடி அற்றுவிடும். முதல் வருஷச் செலவைப் பார்த்தால் லாபம், ஐந்தாவது வருஷத்தில் நஷ்டம். நிலம் குத்தகை என்றால் மட்டும் யோசிக்கலாம்.

செயின் லிங்க் வலையைப் பலர் பாதுகாப்பு என்று நம்புகிறார்கள். நாய் வராது என்பது உண்மை. ஆனால் குதிரை முன்னங்காலால் தரையைச் சுரண்டும் பழக்கமுள்ளது. வேலியோரம் நின்று சுரண்டும்போது லாடத்தின் நுனி கண்ணியில் மாட்டும். அப்புறம் அரிப்பெடுத்தால் பின்புறத்தை வலையில் தேய்க்கும். ஆறு மாதத்தில் வலை தொட்டில் மாதிரித் தொங்கிவிடும். கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாக வெல்டு வைத்த வெல்ட் மெஷ் இன்னும் மோசம். மோதினால் வெல்டு விட்டு ஒவ்வொரு கம்பி நுனியும் ஈட்டியாக நிற்கும். வலைதான் போட வேண்டும் என்றால், மேலே ஒரு பைப் ஓடவிட்டு, கால் உயரத்துக்கு உட்பக்கம் சட்டம் அடித்துப் போடுங்கள். அதற்கு ஆகும் செலவில் கல்லுக்கால் வேலியே முடிந்துவிடும்.

சோலார் மின்வேலியை நான் தனி வேலியாக எண்ணுவதில்லை. ஆனால் துணைக்கு அதைப்போல வேறில்லை. குதிரைக்கு விற்கும் அகலமான வெள்ளை டேப் நன்றாகக் கண்ணுக்குத் தெரியும். ஓரிரு தடவை மூக்கில் சுளீர் என்று பட்டால் அப்புறம் வேலிப் பக்கமே சாயாது, மரத்தையும் கடிக்காது. முழுச் சுற்றுக்கு ஒரே வரிசை டேப், ஒரு எனர்ஜைசர் (மின் துடிப்பைத் தரும் பெட்டி), பேட்டரி, சோலார் தட்டு, இன்சுலேட்டர்கள் போதும். விட்டுவிட்டுத் துடிக்கும் குறைந்த சக்தி மின்சாரம் அது. வீட்டு லைனை நேரடியாகக் கம்பியில் கொடுப்பது கொலைக்குச் சமம், குற்றமும்கூட. நிலம் காட்டை ஒட்டியிருந்தால் எந்த மின்வேலிக்கும் முன்னால் வனத்துறையைக் கேட்டுவிடுங்கள்.

உயிர்வேலி பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடுகளில் (மானாவாரி மேய்ச்சல் நிலங்களில்) கிளுவை வேலியைப் பார்த்திருப்பீர்கள். போத்து வெட்டி நட்டால் முளைக்கும், வறட்சியைத் தாங்கும். காசு மிகக் குறைவு. ஆனால் அடர்ந்து நிற்கச் சில வருஷம் ஆகும். கிளுவையிலும் முள் உண்டு. இருந்தாலும் செடி வளைந்து கொடுக்கும், கம்பிபோல அறுக்காது. எல்லை வேலிக்கு உள்ளே, நான் சொன்ன சந்தில் இப்போதே கிளுவையை நட்டுவிட்டால், காலப்போக்கில் முள்கம்பியையே கழற்றிவிடலாம். ஒன்றே ஒன்று: அழகுக்கென்று அரளியை வேலியோரம் நடவே கூடாது. சாலை நடுவில் பூத்துக் குலுங்குகிறதே என்று கொண்டுவந்து வைப்பார்கள். அதன் இலை பச்சையானாலும் சருகானாலும் விஷம். கொஞ்சம் தின்றாலே குதிரை செத்துப்போகும். உண்ணிச்செடியையும் பிடுங்கி எறியுங்கள்.

கொறங்காட்டின் கொழுக்கட்டைப் புல் மாட்டுக்கு அமிர்தம். குதிரைக்கு அதுமட்டுமே தீனியாக இருந்தால் சிக்கல்: அதிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும், நாளடைவில் முக எலும்பு வீங்கும், கால் நொண்டும். வேறு புல்லும் கலந்து கொடுத்து, கால்சியத்துக்கு மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். வேலிக்கு நடுவில் இந்தப் பேச்சு எதற்கு என்றால், பேடாக்கில் என்ன புல் இருக்கிறது என்பதும் பட்ஜெட்டில் மாதச் செலவாக வந்து நிற்கும்.

இந்த நிலத்துக்கு நான் தேர்ந்தெடுப்பது கல்லுக்கால், அதில் மூன்று வரிசைத் தென்னஞ்சட்டம், மேல் சட்டத்துக்கு உட்பக்கம் ஒரு வரிசை மின் டேப். பைப்பைவிடச் செலவு குறைவு, மோதலில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், டேப் இருப்பதால் மரமும் நிற்கும். கல் கிடைக்காத டெல்டாப் பக்கமாக இருந்தால் என் பதில் வேறு. அங்கே கல்லை லாரியில் ஏற்றிவரும் வாடகைக்குப் பைப்பே கட்டுப்படியாகலாம்.

கூரையும் சுவரும்

ஒரு குதிரைக்குப் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி அறை. மட்டக்குதிரை என்றால் பத்துக்குப் பத்து போதும். இரண்டு குதிரைக்கு வரிசையாக நாலு அறை கட்டச் சொல்வேன். ஒன்று தீவனத்துக்கும் சேணத்துக்கும், இன்னொன்று காலியாக. காலி அறை வீண் என்று தோன்றும். ஒரு குதிரைக்குக் காய்ச்சல் வந்து தனியாகக் கட்ட வேண்டிய அன்று அது தெரியும். ஆக 48 அடி நீளம், 12 அடி அகலம், முன்னால் எட்டடி வராந்தா.

கட்டடத்தின் நீளத்தைக் கிழக்கு மேற்காக வையுங்கள். காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகிய பக்கத்தில்தான் விழும். உடுமலைப் பக்கம் இன்னொரு காரணமும் உண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று வைகாசியில் தொடங்கி ஆவணிவரை மேற்கிலிருந்து அடிக்கும். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்றால் கலர் ஷீட்டைக் கேட்க வேண்டாம். மேற்குப் பக்கத்துப் பன்னிரண்டு அடிச் சுவரை மட்டும் கூரைவரை எழுப்பினால் போதும், மற்ற மூன்று பக்கமும் பாதிச் சுவர்.

அந்தப் பாதிச் சுவரில்தான் மிச்சம். நாலு அறைக்கும் பின்சுவர், கதவு போக முன்சுவர், குறுக்குச் சுவர்கள் எல்லாம் சேர்த்து 140 அடி ஓட்டம். எட்டடி உயரம் கட்டினால் 1,120 சதுர அடி. நாலடி கட்டினால் 560 (மேற்குச் சுவரின் மேல்பகுதி மட்டும் தனி). பதினாறுக்கு எட்டு அங்குலக் கல் முறையே 1,260, 630. சிமெண்ட், மணல், பூச்சு, கொத்தனார் கூலி எல்லாமே அப்படியே பாதியாகும். குதிரை உதைப்பது பெரும்பாலும் அந்த நாலடிக்குள்தான். அதனால் அந்த நாலடி கெட்டியாக இருக்க வேண்டும். ஹாலோ பிளாக் விலை குறைவு என்று வைத்தால், பின்னங்கால் உதையில் முகப்பு உடைந்து ஓட்டை விழும், அதில் குளம்பு போகும். சாலிட் பிளாக் வையுங்கள். ஏற்கெனவே ஹாலோ வாங்கி இறக்கிவிட்டீர்கள் என்றால் பொந்துகளைக் காங்கிரீட்டால் நிரப்பிவிடுங்கள். நாலடிக்கு மேலே, குதிரைக்குக் குதிரை நடுவில் கிரில், பின்பக்கம் குறுக்கே இரண்டு பைப். ஐப்பசி மழைச் சாரலுக்கு வடக்கே ஒரு தார்ப்பாய்ச் சுருள் தொங்கவிட்டால் ஆயிற்று.

கூரைக்கு ஐந்து வழி. கீற்று குளிர்ச்சியானது, மலிவு. ஆனால் அடிக்கடி மாற்ற வேண்டும், வைக்கோலும் கரண்ட் ஒயரும் இருக்கும் இடத்தில் தீ பயம் தூங்கவிடாது. தனியே கீற்றுக் கூரையை நான் தள்ளிவிடுவேன். சிமெண்ட் ஷீட் வாங்கினால் ஆஸ்பெஸ்டாஸ் இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள், அதை அறுக்கும்போது வரும் தூசி நுரையீரலுக்குக் கேடு. ஓடு நம் தட்பவெப்பத்துக்கு ஏற்றது. பழைய வீடு இடிக்கும் இடத்தில் மங்களூர் ஓடு சல்லிசாகக் கிடைக்கும். ஆனால் பாரம் அதிகம், அடியில் சட்டமும் ரீப்பரும் நெருக்கமாக வேண்டும், ஓட்டில் மிச்சம் பிடித்தது மரத்தில் போய்விடும். நடுவில் நுரை வைத்த பஃப் பேனல் வீட்டுக்குச் சரி, லாயத்துக்கு ஆடம்பரம். மிஞ்சுவது கலர் ஷீட். பக்கவாட்டில் பத்தடி, உச்சியில் பதினாலடி உயரம் கொடுத்து, உச்சியில் சூடான காற்று வெளியேற வழி விட்டுப் போட்டால் வெயில் சமாளிக்கும்படி இருக்கும். 0.35 மில்லிமீட்டர் ஷீட்டைக் கடைக்காரர் தள்ளிவிடப் பார்ப்பார், 0.5 வாங்குங்கள். உயரத்தைக் குறைத்துக் காசு மிச்சம் பிடிக்க மட்டும் நினைக்காதீர்கள். குதிரை தலையைத் தூக்கினால் இடிக்கும், சித்திரை மதியத்தில் அடியில் நிற்க முடியாது.

கதவு நாலடி அகலத்துக்குக் குறையக் கூடாது. மூன்றடிக் கதவில் இடுப்பெலும்பு இடித்த குதிரை அப்புறம் ஒவ்வொரு நாளும் அந்த வாசலைப் பாய்ந்து தாண்டும்.

தரை

வெறும் காங்கிரீட் தரை கழுவச் சுலபம், வழுக்கும், கால் மூட்டுக்குக் கேடு. கடப்பாக் கல் இன்னும் வழுக்கும். கிராவல் மண்ணைக் கெட்டித்த தரை காலுக்கு இதமானது, செலவும் குறைவு. ஆனால் குதிரை தினமும் ஒரே இடத்தில் மூத்திரம் விடும், அங்கே சில மாதத்தில் குழி விழுந்து நாற்றம் நிற்கும், தோண்டி மண் மாற்ற வேண்டும். செங்கல்லைக் குத்தாக நிறுத்திப் பாவிய தரை பழைய முறை, நடுத்தரச் செலவு, பிடிப்பும் உண்டு. நான் சொல்வது சொரசொரப்பாக விட்ட காங்கிரீட், அதன்மேல் ரப்பர் மேட். ஆறுக்கு நாலடி மேட் ஓர் அறைக்கு ஆறு வேண்டும். முதல் வருஷம் இரண்டு அறைக்கு வாங்கினால் போதும். பன்னிரண்டு அடிக்கு இரண்டரை அங்குலம் வாட்டம் விட்டு, அறைக்கு வெளியே திறந்த கால்வாய் ஓட விடுங்கள். வாட்டத்தைச் சிமெண்ட் போட்ட பிறகு கொண்டுவர முடியாது. கொத்தனார் ரசமட்டம் வைக்கும்போது பக்கத்தில் நின்று ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்.

மேட் போட்டால் படுக்கையும் குறைவாகப் போதும். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் தென்னை நார்க்கழிவு கிடைப்பது பெரிய வசதி, ஈரத்தை நன்றாக உறிஞ்சும்; ரொம்பக் காய்ந்ததாக இருந்தால் தூசி பறக்கும், லேசாகத் தெளித்துப் போடலாம். உமியைச் சில குதிரைகள் தின்றுவிடும். மணலில் தீவனத்தைக் கொட்டிப் போட்டால் மணலும் சேர்ந்து வயிற்றுக்குள் போய்ச் சூலையில் (கடும் வயிற்றுவலியில்) கொண்டுவிடும்.

பட்ஜெட்டில் விட்டுப்போவது

ஒரு குதிரை நாளொன்றுக்குப் பதினைந்து இருபது கிலோ லத்தி போடும். இரண்டு குதிரைக்கு மாதம் ஒரு டன். லாயத்திலிருந்து தள்ளி, காற்று அடிக்கும் திசைக்குக் கீழ்ப்பக்கமாக, தொட்டி கட்ட வேண்டும். இல்லையென்றால் ஈ அடங்காது. வைக்கோலுக்குத் தனிக் கொட்டகை, லாயத்தோடு ஒட்டாமல். வெயில் நாளில் ஒவ்வொரு குதிரையும் நாற்பது லிட்டருக்கு மேல் தண்ணீர் குடிக்கும் என்பதால், பேடாக்கில் ஒரு தொட்டியும் அதன்மேல் நிழலுக்குக் கொஞ்சம் கூரையும் வேண்டும். மின் இணைப்பு தோட்டத்து மோட்டாருக்குக் கொடுத்த இலவச சர்வீஸிலிருந்து இழுக்காமல், தனி சர்வீஸாக வாங்குங்கள். கேட் இரண்டு: டிராக்டர் போகப் பன்னிரண்டு அடியில் ஒன்று, குதிரைக்கு ஐந்தடியில் ஒன்று. சாதாரணக் கொண்டியைக் குதிரை உதட்டாலேயே தள்ளித் திறந்துவிடும், இரட்டைத் தாழ் வேண்டும். இவை ஒவ்வொன்றும் சின்னச் செலவுதான், கூட்டினால் மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சமும் குறையாது. அதை முதலிலேயே ஒதுக்கி வையுங்கள்.

ரேட் கேட்கும்போது வேலிக்கும் லாயத்துக்கும் சேர்த்து ஒரே தொகை வாங்காதீர்கள். வெல்டரிடம் கூரைக்குக் கிலோக் கணக்கு, கொத்தனாரிடம் சுவருக்குச் சதுர அடிக் கணக்கு, வேலிக்காரரிடம் ஓட்ட அடிக் கணக்கு என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். கிலோக் கணக்கில் பேசினால் எடைச்சீட்டு உங்கள் கைக்கு வரும்படி சொல்லிவிடுங்கள். பைப்பின் கனத்தை மில்லிமீட்டரில் சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். லைட் கிளாஸைக் கொடுத்துவிட்டு மீடியத்துக்கு பில் போடுவது இந்தத் தொழிலில் புதிதல்ல, பெயின்ட் அடித்த பிறகு கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது.